அப்பாவின் கையில் கொடுத்த சாவி



இன்று கொஞ்சம் நீளமான இழை. ஒரு பழைய அம்பாசிடர் காரின் சாவி ஸ்விட்ச்சைப் பற்றியும் என் அப்பாவின் இதயத்தைப் பற்றியும் எழுதப்போகிறேன்.

இரண்டும் ஒரே வருடத்தில் தகராறு செய்தன. இரண்டிலும் நான் ஒரே தவறைச் செய்தேன். ஒரு மெக்கானிக் அண்ணன் கேட்ட ஒரே ஒரு கேள்விதான் என்னைத் திருத்தியது.

எங்கள் ஊர் நாமகிரிப்பேட்டை. நாகஸ்வர மேதை நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் பெயரால் சங்கீதம் கேட்பவர்களுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை மஞ்சள் ஏலத்தால் வியாபாரிகளுக்குத் தெரியும். ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில், ஒரு பக்கம் கொல்லிமலை தெரிய இருக்கும் ஊர்.

அப்பா மஞ்சள் வியாபாரி. விரலி, உருண்டை, பனங்காளி என்று மூட்டையைத் தொட்டுப் பார்த்தே ரகம் சொல்வார். எட்டாவது வரை படிப்பு. என்னை மருத்துவராக்கியது அந்த மஞ்சள்தான்.

எங்கள் வீட்டு வண்டி 1986 மாடல் வெள்ளை அம்பாசிடர். 1994-ல் அப்பா இரண்டாம் கையாக வாங்கினார். நான் மருத்துவக் கல்லூரியில் சேரப் போனது அதில்தான். அக்கா கல்யாணம் முடிந்து மாமா வீட்டுக்குப் போனதும் அதில்தான். மேற்கு வங்காளத்தின் உத்தர்பாரா ஆலையில் 2014 மே மாதம் அம்பாசிடர் உற்பத்தி நின்றபோது, அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வண்டியைப் போய்த் துடைத்தார். ஒன்றும் பேசவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவுக்கு அப்போது 72 வயது. சர்க்கரை இல்லை. பிரஷருக்கு ஒரு மாத்திரை. மற்றபடி ஆள் திடமானவர்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஏலம் நடக்கும் இடத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்திருக்கிறார். கை இரண்டு மூன்று தடவை வெட்டி இழுத்திருக்கிறது. பக்கத்தில் இருந்தவர்கள், "வலிப்புடா, இரும்பு எதாச்சும் குடுங்க" என்று கத்த, யாரோ ஒருவர் அப்பாவின் சட்டைப்பையில் இருந்த அம்பாசிடர் சாவிக்கொத்தை எடுத்து அவர் கையிலேயே வைத்து அழுத்தியிருக்கிறார்.

அரை நிமிடத்தில் அப்பா கண் திறந்துவிட்டார். எழுந்து உட்கார்ந்து, "என்னாச்சு? ஏன் எல்லாரும் நிக்கறீங்க?" என்றாராம்.

ஊர் முழுக்க ஒரே பேச்சு. "சாவியக் குடுத்ததும் எந்திரிச்சிட்டாரு."

எனக்குப் போன் வந்தது. சேலத்தில் இருந்து ஓடினேன். இ.சி.ஜி எடுத்தோம், நார்மல். சர்க்கரை நார்மல். தலைக்கு சி.டி ஸ்கேன் நார்மல். வலிப்புக்கான இ.இ.ஜி நார்மல். ரத்தத்தில் உப்புச் சத்துகள் நார்மல்.

"காலைல சாப்பிட்டீங்களாப்பா?"

"ஏலத்து அன்னிக்கு எங்கப்பா சாப்பிடறது?"

அவ்வளவுதான். வெயில், வெறும் வயிறு, நின்றுகொண்டே இருந்தது, அதனால் வந்த சாதாரண மயக்கம் என்று முடிவு கட்டினேன். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னேன். தலைசுற்றலுக்கு ஒரு மாத்திரையும் எழுதினேன். சாவி கொடுத்தவர்களைப் பற்றி வீட்டில் கிண்டலும் அடித்தேன். மகன் டாக்டர் அல்லவா!

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை. அப்பா வீட்டுத் திண்ணையில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மீண்டும் அதேபோல் ஆகிவிட்டது. அம்மா மட்டும்தான் அப்போது பக்கத்தில்.

அம்மா போன் செய்தார். நான் கேட்டது இவ்வளவுதான்: "பிரஷர் எவ்வளவு இருக்கு? சுகர் பாத்தீங்களா? மாத்திரை போட்டாரா?"

எல்லாம் சரியாக இருந்தது. அப்பாவே போனை வாங்கி, "ஒண்ணுமில்லப்பா, கண்ணசந்துட்டேன். இவ பயந்துட்டா" என்றார். மீண்டும் ஒரு இ.சி.ஜி. மீண்டும் நார்மல். வண்டி மட்டும் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அதில்தான் அப்பாவுக்கு என்மேல் கோபம்.

இதே நாட்களில் வண்டியும் படுத்தத் தொடங்கியது.

ஓடிக்கொண்டே இருக்கும்போது பொட்டென்று நின்றுவிடும். ஐந்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருகினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் அங்கே நல்ல பிள்ளையாக ஓடும்.

முதலில் பேட்டரி மாற்றினார்கள். பிறகு இக்னிஷன் காயில். பிறகு பாயிண்ட், கண்டன்சர், பிளக். பிறகு கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பில். ஒவ்வொரு முறையும் இரண்டு வாரம் நன்றாக ஓடும். மீண்டும் பொட்டென்று நிற்கும்.

ஒர்க்‌ஷாப் செய்ததைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்தது. "என்ன கோளாறுன்னே கண்டுபிடிக்காம ஒவ்வொரு சாமானா மாத்திக்கிட்டே இருக்காங்க" என்று அம்மாவிடம் புலம்பினேன். என் சொந்த அப்பாவுக்கு ஒவ்வொரு டெஸ்ட்டாக எடுத்துக்கொண்டிருந்த நான்தான் இதைச் சொன்னேன்.

ஒரு ஞாயிறு இரவு. ஆத்தூரில் ஒரு கல்யாண வரவேற்பு முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் ஓட்டுகிறேன். அப்பா பக்கத்து சீட்டில் முறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். அம்மா பின்சீட்டில்.

மெட்டாலா பக்கம் ஒரு வளைவில் வண்டி செத்துப்போனது. பின்னால் லாரி. ஹாரன் சத்தம் காதைக் கிழிக்கிறது. வண்டி போன வேகத்திலேயே உருட்டி ஓரம் கட்டினேன். லாரி உரசிக்கொண்டு போகாத குறை. கை நடுங்கிக்கொண்டு சாவியை மறுபடி மறுபடி திருகினேன். பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆனது.

அந்த இரவில்தான் முடிவு செய்தேன். இனி வண்டிக்கு வைத்தியம் பார்க்க வேண்டும், இல்லையென்றால் விற்றுவிட வேண்டும்.

அடுத்த ஞாயிறு எங்கள் ஊரிலேயே இருக்கும் வயதான மெக்கானிக் அண்ணனை வீட்டுக்கு வரச் சொன்னேன். லாரி வயரிங்கில் ஊறியவர். இப்போது கண் சரியாகத் தெரியவில்லை என்று பெரிய வேலை எடுப்பதில்லை.

வந்தவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து காபி வாங்கிக்கொண்டு கேட்டார்:

"டாக்டரு தம்பி, வண்டி நின்னுச்சுல்ல, ஓரம் கட்டுனதுக்கு அப்புறம் டேஷ்போர்டுல சிவப்பு லைட்டு எரிஞ்சுதுங்களா, எரியலைங்களா?"

யோசித்தேன். தெரியவில்லை. லாரி ஹாரனில் எனக்கு ஒன்றுமே கண்ணில் படவில்லை.

"கவனிக்கலீங்கண்ணா."

"அதத் தெரிஞ்சுக்காம பானெட்டத் தொறந்து என்ன பண்றதுங்க?"

அப்போது காபி டம்ளரை வாங்க வந்த அம்மா சொன்னார்:

"எரியலீங்க. பெரிய லைட்டு ரோட்டுல அடிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. உள்ள ஒண்ணுமே எரியல. கீழ மஞ்சக் கலர்ல ரெண்டு லைட்டு போட்டிருக்குதுல்ல, அதும் போயிருச்சு. கண்ணு கை காட்டுற லைட்டப் போட்டான், அது டிக்கு டிக்குனு சத்தம் போடுமே, அதும் போடல."

மெக்கானிக் அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்படின்னா சாவி ஸ்விட்ச்சுங்க. நீங்க மாத்துன சாமான் அத்தனையும் நல்ல சாமானுங்க."

எப்படி என்று கேட்டேன். சொன்னார். உங்களுக்கும் புரியும்படி எழுதுகிறேன்.

இன்ஜின் ஓடும்போது சார்ஜ் விளக்கும் ஆயில் விளக்கும் அணைந்திருக்கும். பெட்ரோல் வராமலோ வேறு கோளாறாலோ இன்ஜின் நின்றால், சாவி இன்னும் ஆன் நிலையில்தான் இருக்கிறது. ஆகவே வண்டி நின்றதும் அந்த இரண்டு சிவப்பு விளக்குகளும் எரிந்தாக வேண்டும்.

அவையும் எரியவில்லை என்றால் சாவியைத் தாண்டிக் கரண்ட்டே வரவில்லை என்று பொருள். எங்கள் வண்டியில் ஹெட்லைட் சாவி வழியாகப் போவதில்லை. அதனால் அது எரிந்துகொண்டே இருந்தது. இண்டிகேட்டர், மஞ்சள் ஃபாக் லைட், டேஷ்போர்டு விளக்குகள், இக்னிஷன் காயில் எல்லாமே சாவி வழியாகப் போகிறவை. அவை அத்தனையும் ஒரே நொடியில் போயின. எல்லாவற்றுக்கும் பொதுவான இடம் ஒன்றே ஒன்றுதான்.

ஒரு கேள்வி. நேரில் பார்த்த ஒருவரின் பதில். ஐந்து மாத அலைச்சல் அங்கேயே முடிந்தது.

பிறகு மீட்டரை எடுத்தார். "சொல்லு மட்டும் பத்தாதுங்க, அளந்தும் பாக்கோணும்."

ஃபாக் லைட், ஃபேன், பாட்டுப்பெட்டி எல்லாவற்றையும் போடச் சொன்னார். ஸ்விட்ச்சுக்குள் வரும் ஒயரில் 12.3 வோல்ட். வெளியே போகும் ஒயரில் 10.7. ஸ்விட்ச்சுக்குள்ளேயே 1.6 வோல்ட் காணாமல் போகிறது! சாவியை லேசாக ஆட்டினார். டேஷ்போர்டு விளக்கு மங்கி மங்கி எரிந்தது. எதையும் போடாமல் அளந்திருந்தால் இந்த வித்தியாசம் தெரிந்தே இருக்காது. சுமை ஏற்றினால்தான் கோளாறு வெளியே வரும்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஒயரிலும் துணி கட்டி அடையாளம் வைத்து, ஸ்விட்ச்சை வெளியே எடுத்தார். பின்பக்கம் பழுப்பேறி இருந்தது. உள்ளே செம்புத் தகடு கரி பிடித்து, ஸ்பிரிங் தொய்ந்து கிடந்தது. வெளியே போகும் ஒயரின் ரப்பர் உருகியிருந்தது.

ஏன் இப்படி ஆனது? ஸ்விட்ச் செய்தவர்கள் மேல் தப்பில்லை. 35 வருடத்துக்கு மேல் உழைத்திருக்கிறது. தப்பு எங்கள் மேல்.

அந்த ஸ்விட்ச் காயிலுக்கும் இண்டிகேட்டருக்கும் வைப்பருக்கும் போதுமானது. நாங்கள் ஆசைப்பட்டு 55 வாட்ஸ் ஃபாக் லைட் இரண்டு, ஒரு ஃபேன், பாட்டுப்பெட்டி எல்லாவற்றையும் அதே முனையில் கோர்த்துவிட்டோம். ஃபாக் லைட் மட்டுமே 9 ஆம்பியர். மொத்தம் ஏறக்குறைய 15 ஆம்பியர்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். தகடுகள் சரியாக ஒட்டாமல் 0.1 ஓம் தடை இருந்தாலே, 15 ஆம்பியருக்கு 1.5 வோல்ட் இழப்பு. அது 22 வாட்ஸ் சூடாக மாறும். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 வாட்ஸ்தான். அந்தச் சூட்டைத்தான் டேஷ்போர்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நாங்கள் ஓட்டியிருக்கிறோம்.

சூடானால் ஸ்பிரிங் தளரும். தளர்ந்தால் தகடு விலகும். கரண்ட் போகும், வண்டி நிற்கும். ஐந்து பத்து நிமிடத்தில் ஆறினால் மீண்டும் ஒட்டும், வண்டி கிளம்பும். ஒர்க்‌ஷாப்பில் ஏன் வரவில்லை என்று இப்போது புரிகிறதா? அங்கே பகலில் யாரும் ஃபாக் லைட் போடவில்லை.

"கரியச் சொரண்டிப் போட்டா இன்னும் ஆறு மாசம் ஓடும். ஸ்பிரிங்கு போனது போனதுதானுங்க. மாத்திருங்க" என்றார். சேலத்தில் ஒரு பழைய ஸ்பேர் கடையில் புது ஸ்விட்ச் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. அதுவரை மாற்றிய சாமான்களுக்கு ஆன செலவை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

ஒருவர் முன்பு சொன்ன யோசனையையும் அண்ணனிடம் கேட்டேன். "ஸ்விட்ச்சே வேண்டாம், டைரக்ட்டா ஒயரைக் குடுத்துட்டா?"

முறைத்தார். "ஸ்விட்ச்சுங்கறது வண்டியப் போடறதுக்கு மட்டும் இல்லீங்க தம்பி, நிறுத்தறதுக்கும்தான். எங்காச்சும் முட்டி ஒயரு ஒரசித் தீப்புடிச்சா எதத் திருகி நிறுத்துவீங்க?"

ஃபாக் லைட்டுக்கும் ஃபேனுக்கும் ரிலே போட்டு, பேட்டரியிலிருந்து தனி ஒயர், தனி பியூஸ் கொடுத்தார். இப்போது ஸ்விட்ச் வேலை வாங்குவதோடு சரி, சுமை தூக்குவதில்லை. சாவிக்கொத்தில் தொங்கிய பீரோ சாவி, கடைச் சாவி, பூட்டுச் சாவி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். "இத்தன கனம் தொங்குனா ஆடி ஆடித் தேயுமுங்க."

அண்ணன் ஸ்விட்ச்சை மாட்டிக்கொண்டிருக்கும்போது நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி நின்றபோது ஓட்டிய நான் எதையும் பார்க்கவில்லை. பின்சீட்டில் இருந்த அம்மா எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். யாரும் கேட்காததால் சொல்லவில்லை.

அப்பா திண்ணையில் விழுந்தபோதும் பக்கத்தில் இருந்தது அம்மா மட்டும்தானே? நான் அவரிடம் பிரஷர் எண்ணைக் கேட்டேன், சர்க்கரை எண்ணைக் கேட்டேன். என்ன பார்த்தீர்கள் என்று கேட்கவே இல்லை!

"அம்மா, அன்னிக்கு அப்பா திண்ணைல மயங்குனாரே, அப்போ எப்படி இருந்தாருன்னு மொதல்ல இருந்து சொல்லுங்க."

அம்மா யோசிக்கவே இல்லை. ஐந்து மாதமாக உள்ளேயே வைத்திருந்திருக்கிறார்.

"பேப்பர் படிச்சுட்டே இருந்தாரு கண்ணு. ஒண்ணுமே சொல்லல. தல சுத்துதுன்னுகூடச் சொல்லல. சட்டுன்னு தல தொங்கிருச்சு. மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போச்சு. கை ரெண்டு இழுப்பு இழுத்துச்சு. நான் நெஞ்சப் புடிச்சுப் பாத்தேன், துடிப்பே தெரியல. நான் கத்தறதுக்குள்ள மூஞ்சி குப்புனு செவந்துச்சு. கண்ணத் தொறந்துட்டாரு. தெளிவாப் பேசுனாரு."

எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது.

மருத்துவப் புத்தகத்தில் இதற்குப் பெயர் ஸ்டோக்ஸ் ஆடம்ஸ் தாக்கம். மாணவனாக இருந்தபோது தேர்வில் எழுதியிருக்கிறேன். என் அம்மா அதைப் புத்தகத்தைவிட நன்றாகச் சொன்னார்.

நம் இதயத்துக்கும் ஒரு இக்னிஷன் உண்டு. வலது மேலறையில் இருக்கும் சைனஸ் கணு நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்துடிப்பு அனுப்புகிறது. அது நடுவில் உள்ள ஏ.வி கணுவைத் தாண்டிக் கீழறைகளுக்குப் போனால்தான் ரத்தம் பம்ப் ஆகும். அந்த இணைப்பு நடுவில் விட்டுப்போனால், சில நொடிகளுக்குக் கீழறைகள் துடிக்காமல் நிற்கலாம்.

மூளைக்கு ரத்தம் போகாது, முகம் வெளுக்கும். ஏழெட்டு நொடிகளில் நினைவு தப்பும். மூளை ரத்தத்துக்குத் தவிக்கும்போது கை கால் சில முறை வெட்டி இழுக்கலாம். அதைப் பார்ப்பவர்கள் வலிப்பு என்றுதான் நினைப்பார்கள். துடிப்பு திரும்பியதும் ரத்தம் குபீரென்று பாயும், முகம் சிவக்கும், நினைவு உடனே தெளிவாகத் திரும்பும்.

சந்தையில் சாவி கொடுத்ததும் அப்பா எழுந்தார் அல்லவா? சாவி எழுப்பவில்லை. கொடுத்த நேரத்தில் இதயம் தானாக மீண்டும் ஸ்டார்ட் ஆகியிருக்கிறது. ஒவ்வொரு சாமான் மாற்றியபோதும் எங்கள் வண்டி இரண்டு வாரம் ஓடியதுபோல.

இ.சி.ஜி ஏன் நார்மல்? வழக்கமாக நாம் எடுக்கும் இ.சி.ஜி பதிவு செய்வது 10 நொடி. ஒரு நாளுக்கு 86,400 நொடி. கோளாறு இல்லாத 10 நொடியைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு நார்மல் என்று நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன். ஒர்க்‌ஷாப்பில் நல்ல பிள்ளையாக ஓடிய வண்டி!

அன்றே அப்பாவைச் சேலத்துக்கு அழைத்துப்போனேன். 24 மணி நேரம் உடம்பிலேயே மாட்டியிருக்கும் ஹோல்டர் கருவியைப் பொருத்தினோம். அதிகாலை 4 மணிக்கு, அப்பா தூங்கிக்கொண்டிருந்தபோது, மேலறையின் துடிப்புகள் வரிசையாகப் பதிவாகியிருக்கின்றன. கீழறையில் 6 நொடிகளுக்கு வெறும் கோடு.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவமனைப் படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஐந்து மாதம். எந்த இரவில் வேண்டுமானாலும் அந்தக் கோடு நீண்டிருக்கலாம். நான் தலைசுற்றல் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாளில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். உலகில் முதன்முதலாக மனிதருக்குள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது 1958-ல், ஸ்வீடனில். அந்த முதல் கருவி சில மணி நேரம்தான் தாங்கியது. அடுத்தடுத்து 20-க்கும் மேற்பட்ட கருவிகள் மாற்றப்பட்டு, அதே நோயாளி 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். இன்று ஒரு கருவியின் பேட்டரி பொதுவாகப் பல ஆண்டுகள் உழைக்கிறது.

இந்த இடத்தில் உலகம் அறிந்த ஒரு சாவி ஸ்விட்ச் கதையையும் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் சில மாடல்களில், செவர்லே கோபால்ட் அதில் ஒன்று, சாவி ஸ்விட்ச்சின் உள்பிடிப்பு மிகவும் தளர்வாக இருந்தது. கனமான சாவிக்கொத்து ஆடினாலோ முழங்கால் இடித்தாலோ ஓடும்போதே ஆன் நிலையிலிருந்து விலகிவிடும். இன்ஜின் நிற்கும். அதோடு ஏர்பேக்கும் வேலை செய்யாது.

2006-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு கோபால்ட் விபத்தில் இரண்டு இளம்பெண்கள் இறந்தார்கள். விசாரித்த மாநிலக் காவல் அதிகாரி, சாவி ஆன் நிலையில் இல்லை, ஏர்பேக் விரியவில்லை என்பதைக் கவனித்து 2007-லேயே அறிக்கையில் எழுதிவைத்தார். நேரில் பார்த்தவர் எழுதியது. அதை யாரும் சரியாகப் படிக்கவில்லை.

வண்டிகளைத் திரும்ப அழைக்கத் தொடங்கியது 2014 பிப்ரவரியில். மொத்தம் சுமார் 26 லட்சம் வண்டிகள். அந்த ஸ்விட்ச்சால் நேர்ந்தவை என்று நிறுவனத்தின் இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124.

பார்த்தவர் சொன்னதைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டாம்.

இனி உங்களுக்கு உதவும் விஷயங்கள்.

உங்கள் கண் முன்னே ஒருவர் மயங்கி விழுந்தால்:

1. சமதளத்தில் படுக்க வையுங்கள். உட்கார வைக்காதீர்கள், தூக்கி நிறுத்தாதீர்கள். காலைச் சற்று உயர்த்துங்கள்.

2. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கையில் சாவி, இரும்பு எதுவும் வேண்டாம். அந்த நொடிகளை மூச்சு வருகிறதா என்று பார்ப்பதற்குச் செலவிடுங்கள்.

3. கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு சீராக இல்லை என்றால் உடனே 108-ஐ அழைத்து, நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்குங்கள்.

4. மூச்சு இருந்து நினைவு இல்லையென்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

5. கூட இன்னொருவர் இருந்தால் மணி பார்க்கச் சொல்லுங்கள், முடிந்தால் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மருத்துவருக்கு அந்த அரை நிமிட வீடியோ தங்கம்.

பிறகு மருத்துவரிடம் போகும்போது, விழுந்தவர் மட்டும் போனால் போதாது. பார்த்தவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். விழுந்தவருக்கு ஒன்றும் நினைவிருக்காது.

பார்த்தவர் சொல்ல வேண்டியவை: நின்றுகொண்டிருந்தாரா, உட்கார்ந்திருந்தாரா, படுத்திருந்தாரா? முன்னால் வியர்வை, குமட்டல் இருந்ததா, அல்லது சட்டென்று விழுந்தாரா? முகம் வெளுத்ததா, நீலமானதா? எவ்வளவு நேரம்? எழுந்ததும் தெளிவாகப் பேசினாரா, வெகுநேரம் குழப்பமாக இருந்தாரா? நாக்கைக் கடித்திருந்தாரா?

வெகுநேரம் நின்று, வியர்த்து, கண் இருட்டி வருவது பெரும்பாலும் சாதாரண மயக்கம். நாக்கின் ஓரம் கடிபட்டு, எழுந்த பிறகும் வெகுநேரம் குழப்பம் இருந்தால் வலிப்பாக இருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதோ படுத்திருக்கும்போதோ மயக்கம் வந்தால், உழைக்கும்போது வந்தால், நெஞ்சு படபடத்து வந்தால், முன்னறிவிப்பே இல்லாமல் வந்தால், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நடந்திருந்தால், இ.சி.ஜி நார்மல் என்று சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். இதய மருத்துவரைப் பாருங்கள். காரணம் தெரியும்வரை வண்டி ஓட்டாதீர்கள்.

வண்டிக்கும் ஒன்று. ஓடும்போது இன்ஜின் நின்றுவிட்டால், பவர் ஸ்டியரிங் உள்ள வண்டிகளில் ஸ்டியரிங் கனமாகும், ஆனால் திரும்பும். பிரேக்கும் கனமாகும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தமாக மிதியுங்கள். வண்டி உருளும்போது சாவியை முழுவதும் பின்னால் திருகி எடுக்காதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஓரம் கட்டி நின்றபின் டேஷ்போர்டைப் பாருங்கள். சிவப்பு விளக்கு எரிகிறதா, எரியவில்லையா?

அப்பா இப்போது நலம். இதய மருத்துவர் அனுமதித்த பிறகு மீண்டும் வண்டி ஓட்டுகிறார். ராசிபுரம் வரைக்கும்தான் என்று ஒப்பந்தம். மீறுகிறார் என்று அம்மா சொல்கிறார்.

ஒரே ஒரு கட்டுப்பாடு. பேஸ்மேக்கர் வைத்தவர்கள், ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினின் இக்னிஷன் காயில் பக்கம் நெஞ்சைக் கொண்டுபோகக் கூடாது. குறைந்தது ஒரு அடியாவது, அதாவது 30 சென்டிமீட்டர், தள்ளி இருக்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு பானெட்டுக்குள் தலையை விட்டுச் சத்தம் கேட்பது அப்பாவின் 30 வருடப் பழக்கம். அதை மட்டும் விட முடியாமல் தவிக்கிறார்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பானெட் திறந்திருக்கிறது, இன்ஜின் ஓடுகிறது. அப்பா இரண்டடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அம்மா பானெட்டுக்குள் எட்டிப் பார்த்து, அங்கே என்ன நடக்கிறது என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சரியான ஆளிடம்தான் கேட்கிறார்.

இந்த இழையைப் படித்த நீங்கள் இன்று ஒன்று செய்யுங்கள். வீட்டில் யாராவது எப்போதாவது மயங்கி விழுந்திருந்தால், அப்போது பக்கத்தில் இருந்தவரை உட்காரவைத்து, "என்ன பாத்தீங்க? மொதல்ல இருந்து சொல்லுங்க" என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.